இரும்புப் பட்டறையில் பிறந்த இசை

2025-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் தேதி காலை. காப்பியும் கையுமாகச் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பெங்களூரிலிருந்து என் மகன் தொலைபேசியில் அழைத்தான். குரல் கம்மியிருந்தது.

"அப்பா, ஓஸி போயிட்டார்ப்பா."

"ஓசியா? பாஸ்ல போனாரா, டிக்கெட் எடுத்துப் போனாரா?" என்றேன். முப்பத்தொன்பது ஆண்டுகள் ரயில்வேயில் குப்பை கொட்டியவனுக்கு 'ஓசி' என்றால் வேறு என்ன தோன்றும்?

அவன் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. 'பிளாக் சாபத்' என்ற ஆங்கிலேய இசைக்குழுவின் பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் முதல் நாள், ஜூலை 22 அன்று, தமது 76-வது வயதில் காலமாகியிருந்தார். என் மகனின் பள்ளிப் பருவத்தில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸ் சுவரில் சிலுவை மாலையுடன் முறைத்துக்கொண்டிருந்தாரே, அதே மனிதர்.

அந்நாட்களில் இவன் அந்த காசெட்டைப் போட்டால் அடுத்த வீட்டு முகர்ஜி பாபு ஜன்னலைச் சாத்துவார். நான் ஒருநாள் பொறுக்க முடியாமல், "இதே சத்தத்தைப் பணிமனையில் எட்டு மணி நேரம் கேட்பதற்கு எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள், நீ காசு கொடுத்துக் கேட்கிறாயே!" என்று கத்தினேன். கோபத்தில் சொன்ன சொல் அது. ஆனால் அதில் எவ்வளவு உண்மை இருந்தது என்பது, அந்த மனிதர் இறந்த பிறகு அவர்களுடைய வரலாற்றைப் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. 'ஹெவி மெடல்' என்று உலகம் முழுவதும் இளைஞர்கள் கொண்டாடும் இசைக்கு அடித்தளம் போட்டவர்கள் இவர்கள். அந்த அடித்தளம் ஒரு தகட்டுப் பட்டறையில், ஒரு விபத்தில் போடப்பட்டது.

நம் சங்க இதழில் கர்நாடக சங்கீதக் கட்டுரைகள் நிறைய வந்துவிட்டன. ஒரு மாறுதலுக்கு இதையும் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆஸ்டன் பையன்கள்

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரம் எங்களைப் போன்ற மெக்கானிக்கல் ஆசாமிகளுக்குப் புனிதத் தலம். ஜேம்ஸ் வாட்டும் மேத்யூ போல்டனும் கூட்டாக நீராவி எந்திரங்களை உருவாக்கியது அங்கேதான். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியக் குண்டுகள் அந்த நகரத்தைப் பதம் பார்த்தன. போர் முடிந்தபின், 1948-இலும் 1949-இலும் பிறந்த நான்கு பையன்கள் ஆஸ்டன் என்ற தொழிலாளர் பகுதியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வளர்ந்தார்கள். கிதார் வாசித்த டோனி அயோமி, பாடிய ஓஸி ஆஸ்போர்ன், பேஸ் கிதார் வாசித்ததோடு பெரும்பாலான பாடல்களையும் எழுதிய கீஸர் பட்லர், டிரம்ஸ் வாசித்த பில் வார்ட் ஆகியோரே அந்த நால்வர்.

யாருக்கும் பெரிய இடத்துப் பின்னணி கிடையாது. ஓஸியின் தந்தை இரவு ஷிப்டு பார்க்கும் டூல் மேக்கர். ஓஸியே கார் ஹாரன்களைச் சுருதி பார்க்கும் வேலையும், இறைச்சிக்கூடத்து வேலையும் பார்த்தவர். சிறு திருட்டு ஒன்றில் அகப்பட்டு, அபராதம் கட்ட வழியின்றிச் சில வாரங்கள் சிறையிலும் இருந்தார். தந்தை அபராதத்தைக் கட்டவில்லை. பையனுக்குப் புத்தி வரட்டும் என்று விட்டுவிட்டார். அதே தந்தைதான் பின்னால் மகன் பாடுவதற்கு மைக்கும் ஒலிபெருக்கியும் கடனில் வாங்கிக் கொடுத்தார். சொந்த ஒலிபெருக்கி வைத்திருக்கும் பாடகன் என்று ஓஸி ஒரு கடையில் விளம்பரம் ஒட்டினார். அதைப் பார்த்து வந்த அயோமிக்கு அதிர்ச்சி. பள்ளியில் தமக்கு ஒரு வகுப்பு கீழே படித்த அதே பையன்! முதலில் வேண்டாம் என்றுதான் திரும்பினார். ஆனாலும் 1968-இல் நால்வரும் ஒன்று சேர்ந்தார்கள்.

பிரஸ் மிஷின்

இனிமேல்தான் என் தொழிலுக்குள் கதை வருகிறது.

அயோமிக்கு அப்போது வயது 17. தகடு வளைக்கும் ஆலை ஒன்றில் வெல்டிங் வேலை. ஐரோப்பாவில் வாசிக்க ஒரு குழுவுடன் போக வாய்ப்பு வந்ததால் வேலையை விட்டுவிட்டார். அன்று கடைசி நாள். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர், திரும்பப் போக வேண்டாம் என்று நினைத்தாராம். தாயார் சம்மதிக்கவில்லை. எடுத்த வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று அனுப்பினார்.

அன்று பிரஸ் மிஷினில் வழக்கமாக வேலை செய்யும் பெண்மணி வரவில்லை. பழக்கமில்லாத இவரை அந்த இடத்தில் நிறுத்தினார்கள். மிஷின் இறங்கியது. வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனிகளும் போயின.

வீணை வாசிப்பவர்களுக்கு இதன் கொடுமை விளங்கும். ஒரு கை மீட்டும். மறு கை மெட்டுகளின் மேல் கம்பியை அழுத்தும். அயோமி இடக்கைக்காரர் என்பதால் அவருக்கு மெட்டுகளை அழுத்தும் கை வலது கை. இனி கிதாரை மறந்துவிடு என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள்.

வீட்டில் முடங்கிக் கிடந்தவரைப் பார்க்க அந்த ஆலையின் ஃபோர்மேன் வந்தார். கையில் ஓர் இசைத்தட்டு. "போட்டுக் கேள்" என்றார். பையனுக்குக் கிதார் என்ற சொல்லே கசந்த நேரம், மறுத்தான். அவர் விடவில்லை. கேட்டு முடித்த பிறகு, இதை வாசித்தவருக்கு அழுத்தும் கையில் இரண்டு விரல்களே ஒழுங்காக வேலை செய்யும் என்று சொன்னார். ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் என்ற அந்தக் கலைஞர் 1928-இல் தமது வண்டி வீடு தீப்பற்றியதில் கை கருகிப்போனவர். அப்படியிருந்தும் ஐரோப்பாவின் மிகச்சிறந்த ஜாஸ் கிதார் கலைஞர் என்ற பெயர் வாங்கியவர்.

இதைப் படித்தபோது நான் அப்படியே புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

பையன் என்ன செய்தான்? பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, உருண்டையாக்கி, சூடான இரும்பால் துளையிட்டு, தேய்த்துத் தேய்த்து விரலுக்குக் குப்பி செய்தான். கம்பி வழுக்கியது. பழைய தோல் சட்டையிலிருந்து துண்டு வெட்டி அதன் மேல் ஒட்டினான். வழக்கமான கம்பிகளை அழுத்தினால் வலித்தது. பான்ஜோ என்ற வாத்தியத்தின் மெல்லிய கம்பிகளை வாங்கி மாட்டினான். இதற்கு எந்த வரைபடமும் கிடையாது. எங்கள் பணிமனையில் சிறந்த ஃபிட்டர் கூட இதைவிட நன்றாகச் செய்திருக்க மாட்டார்.

அடுத்ததாகச் சுருதியைத் தாழ்த்தினார். இங்கே கொஞ்சம் டிப்ளமா படிப்பைக் காட்டிக்கொள்கிறேன். கம்பியின் அதிர்வெண் அதன் இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 1971-இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' இசைத்தட்டில் பல பாடல்களுக்கு அவர் சுருதியை மூன்று அரைச்சுரம் இறக்கினார். அதாவது அதிர்வெண் ஏறக்குறைய 84 சதவீதம் ஆகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், கம்பியின் இழுவிசை சுமார் 30 சதவீதம் குறைந்துவிடும். புண்பட்ட விரலுக்கு அவ்வளவு சுமை குறைவு. காது கேட்பதோ நேர்மாறு: ஒலி கனத்துப் போய், குகைக்குள்ளிருந்து வருவது போல் ஆகிறது. சிக்கலான விரல் அமைப்புகள் முடியாததால், நம் தம்புராவைப் போல் ஸ-ப என்ற இரண்டு சுரங்களையே சேர்த்து முழங்க விட்டார். மின்பெருக்கி அதை இரைச்சலாக்கிப் பெரிதுபடுத்தியது. இன்று உலகமெங்கும் பத்து விரலும் நன்றாக உள்ள பிள்ளைகள், இரண்டு விரல் நுனி இல்லாதவர் தம் வசதிக்காக இறக்கிய சுருதியில்தான் வாசிக்கிறார்கள்.

சாத்தானும் பிரதி மத்திமமும்

அயோமி 1968 கடைசியில் சிறிது நாள் 'ஜெத்ரோ டல்' என்ற வேறு குழுவுக்குப் போய்த் திரும்பினார். அங்கே காலையிலேயே ஒத்திகைக்கு உட்கார்ந்துவிடுவதைக் கண்டு வந்தவர், தம் குழுவையும் காலை 9 மணிக்கெல்லாம் எழுப்பிப் பயிற்சிக்கு இழுத்தார். ஷிப்டு ஒழுங்கு!

1969-இல் குழுவின் பெயரை மாற்றினார்கள். திகில் படம் பார்ப்பதற்கு மக்கள் காசு கொடுத்து வரிசையில் நிற்கிறார்களே, திகில் இசைக்கும் நிற்க மாட்டார்களா என்ற யோசனை. 1963-இல் வந்த ஒரு திகில் படத்தின் பெயரையே வைத்துக்கொண்டார்கள். முதல் இசைத்தட்டு முழுவதையும் 1969 அக்டோபரில் லண்டனில் ஒரே நாளில் பதிவு செய்தார்கள். அது 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளிவந்தது. மேல்நாட்டில் 13-ஆம் தேதி வெள்ளிக்கிழமை என்றால் நம் ராகுகாலம், எமகண்டம் இரண்டும் சேர்ந்தது போல!

அதன் முதல் பாட்டில் கிதார் மூன்றே சுரங்களைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறது: ஸ, மேல் ஸ, பிறகு பிரதி மத்திமம். ஸ-வுக்கும் பிரதி மத்திமத்துக்கும் உள்ள இந்த இடைவெளிக்கு மேல்நாட்டுச் சங்கீதத்தில் 'சாத்தான்' என்றே பட்டப்பெயர். நமக்கோ 72 மேளகர்த்தாக்களில் 36 பிரதி மத்திம ராகங்கள். கல்யாணியில் மங்களமாக ஒலிக்கும் சுரம், சுபபந்துவராளியில் நெஞ்சைப் பிழிகிறது. சுரத்தின் மேல் குற்றமில்லை. பக்கத்துச் சுரங்களின் சகவாசம்தான் காரணம். என் மனைவியிடம் இதைச் சொன்னபோது, "அப்போ பையனைத் திட்டினதுக்கு நீங்கதான் பிராயச்சித்தம் பண்ணணும்" என்றாள்.

இவர்கள் சாத்தானை வழிபடுபவர்கள் என்று அந்நாளில் பெரிய வதந்தி. உண்மையில் அந்த முதல் பாட்டு பயந்து நடுங்குபவனின் பாட்டு. குழுவினர் கழுத்தில் போட்டுக்கொண்ட சிலுவைகளை உலோகத்தில் செய்து கொடுத்தவர், டூல் மேக்கரான ஓஸியின் தந்தைதான். 1970 செப்டம்பரில் வந்த இரண்டாவது இசைத்தட்டு 'பாரனாய்ட்' இங்கிலாந்தில் முதலிடம் பிடித்தது. அதன் முதல் பாட்டு, ஏழைப் பிள்ளைகளைப் போருக்கு அனுப்பிவிட்டுத் தாங்கள் பத்திரமாக இருக்கும் தலைவர்களைச் சாடுகிறது. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த நேரம் அது. இசைத்தட்டின் தலைப்புப் பாட்டோ, நேரம் குறைகிறதே என்று கடைசி நிமிடத்தில் அவசரமாகப் போட்டு நிரப்பியது. தனிப்பாட்டாக வந்து நான்காம் இடம் வரை போனது அதுதான்.

ஏற்றமும் இறக்கமும்

பணம் வந்தது. கூடவே குடியும் போதைப் பழக்கமும் வந்தன. 1972-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் நான்காவது இசைத்தட்டைப் பதிவு செய்தபோது கொக்கெயினுக்கு அவர்கள் செலவழித்ததை அவர்களே வெட்கத்துடன் சொல்லியிருக்கிறார்கள். 1975-இல் முன்னாள் மேலாளருடன் வழக்கு. இன்றைய பெற்றோர்கள் தம் பிள்ளைகளுக்கு இந்த அத்தியாயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

1979-இல் ஓஸியைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். அமெரிக்கரான ரோனி ஜேம்ஸ் டியோ வந்தார். 1980-இல் 'ஹெவன் அண்ட் ஹெல்' பெரும் வெற்றி. அதே ஆண்டு ஓஸியும் தனியாகத் தலையெடுத்தார். அவருடைய புகழ்பெற்ற பாட்டுக்குப் பெயர் 'கிரேஸி டிரெயின்'. ரயிலுக்குப் பைத்தியம் பிடித்த பாட்டு வீட்டிலேயே ஒலித்தும் ரயில்வேக்காரனான நான் கவனிக்கவில்லை! 1982-இல் ரசிகர் மேடையில் வீசிய வௌவாலை ரப்பர் பொம்மை என்று நினைத்துக் கடித்துவிட்டு, ஊசி போட்டுக்கொள்ள ஓடியவரும் இவரே.

பாடகர்கள் பலர் வந்தார்கள், போனார்கள். தொடக்கம் முதல் இறுதி வரை மாறாமல் நின்றவர் அயோமி ஒருவர்தான். 1997 டிசம்பரில் நால்வரும் மறுபடி பர்மிங்ஹாமில் சேர்ந்து வாசித்தார்கள். 2006-இல் அமெரிக்காவின் ராக் இசைப் புகழ் மண்டபத்தில் இடம் கிடைத்தது. 2012-இல் அயோமிக்கு ரத்தப் புற்றுநோய் வகையான லிம்ஃபோமா என்று தெரிந்தது. சிகிச்சைக்கு நடுவிலேயே வாசித்து 2013-இல் '13' என்ற இசைத்தட்டைக் கொண்டுவந்தார். ஏறக்குறைய 43 ஆண்டுகளுக்குப் பின் இங்கிலாந்தில் மறுபடியும் முதலிடம்.

2022 காமன்வெல்த் விளையாட்டுகளின் நிறைவு விழாவை நம்மில் பலர் பார்த்திருப்போம். அன்று தங்கம் வென்ற நம் சரத் கமல் மாலையில் தேசியக் கொடி ஏந்தி நடந்தாரே, அந்தப் பர்மிங்ஹாம் மேடையில் திடீரென்று தோன்றி வாசித்தவர்கள் அயோமியும் ஓஸியும்தான். நானும் பார்த்தேன், யாரென்று தெரியாமல் காது அடைக்கிறது என்று ஒலியைக் குறைத்தேன்.

கடைசிக் கச்சேரி 2025 ஜூலை 5 அன்று, ஆஸ்டனின் வில்லா பார்க் மைதானத்தில். அந்த மைதானத்துக்குப் பக்கத்துத் தெருவில்தான் ஓஸி வளர்ந்தார். சிறுவனாக, பந்தாட்டம் பார்க்க வருபவர்களின் கார்களைக் காவல் காத்துச் சில்லறை சம்பாதித்த இடம். பார்க்கின்சன் நோயால் எழுந்து நிற்க முடியாமல், கறுப்புச் சிம்மாசனம் ஒன்றில் உட்கார்ந்தபடி பாடினார். பழைய நால்வரும் மேடையில், நான்கே பாட்டுகள். வருமானம் பார்க்கின்சன் நோய் ஆராய்ச்சிக்கும் குழந்தைகள் மருத்துவமனைக்கும் குழந்தைகள் நோய்த்தணிப்புக் காப்பகத்துக்கும். பதினேழாம் நாள் அவர் மறைந்தார். ஜூலை 30 அன்று, பிளாக் சாபத் பெயரையே தாங்கிய பாலத்தின் அருகே ஊரே திரண்டு நின்று வழியனுப்பியது.

நான் சொல்ல வேண்டிய கணக்கு

இப்போது புத்தகத்தை மூடி வைத்த காரணம்.

1986-இல் நான் ஒரு பணிமனையில் சார்ஜ்மேன். ஊர் எது என்பது இங்கே தேவையில்லை. மாதக் கடைசி, அவுட்டர்ன் கணக்குக் காட்ட வேண்டும். பவர் பிரஸ் ஆபரேட்டர் வரவில்லை. பக்கத்தில் நின்ற இருபத்திரண்டு வயது ஹெல்பரை, "நீ போய் நில்லுப்பா" என்று அனுப்பியவன் நான். வேலை வேகமாக ஓடுவதற்காக அந்த மிஷினின் பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றி வைத்திருந்தார்கள். அதையும் நான் பார்த்திருந்தேன். பதினொரு மணிக்கு அவருடைய வலது கையில் இரண்டு விரல் நுனிகள் போயின.

விபத்து அறிக்கையில் காரணம் என்ற இடத்தில், 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். தடுப்பைப் பற்றி ஒரு வரி இல்லை. நஷ்டஈடு விதிப்படி கிடைத்தது. திரும்பி வந்தவருக்கு ஸ்டோர்ஸில் இலகுவான வேலை கொடுத்தார்கள். என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்வார். நான் ஒரு நாளும் அவர் வீட்டுக்குப் போகவில்லை.

சென்ற டிசம்பரில் விசாரித்து விலாசம் வாங்கிக்கொண்டு போனேன். ஓய்வு பெற்று, இரண்டு மணி நேர ரயில் பயணத் தொலைவில் ஒரு சிற்றூரில் இருக்கிறார். தெலுங்குக்காரர், நாங்கள் பேசியதெல்லாம் பழைய பணிமனை இந்தி. அறிக்கையில் நான் எழுதியதைச் சொன்னேன். சொல்லி முடிக்க எனக்கு நேரம் பிடித்தது.

"தெரியும் சார். நகல் எனக்கும் கொடுத்தாங்களே" என்றார்.

வேறு எதுவும் சொல்லவில்லை. அவர் மனைவி டீ கொண்டுவந்தார். பேச்சை எப்படித் தொடர்வது என்று தெரியாமல், பர்மிங்ஹாம் பையனின் கதையைச் சொன்னேன். பிளாஸ்டிக் குப்பி, பான்ஜோ கம்பி, இறக்கிய சுருதி எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டார். தம் விரல்களைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

பிறகு ஒன்றே ஒன்று கேட்டார். "அந்த ஃபோர்மேன், அவரே வீட்டுக்கு வந்தாரா சார்?"

"வந்தாராம்" என்றேன்.

"நல்ல மனுஷன்" என்றார்.

நானும் போனேன்தான். ஆனால் நாற்பது ஆண்டு தாமதம். அவ்வளவு தாமதமாக எந்த வண்டியும் வந்து நான் பார்த்ததில்லை.